அருளப்பன் போட்ட நம்பர்

என் அக்காள் இருதயம்மாளைக் கட்டியவர் அருளப்பன். அனுமந்தன்பட்டிக்காரர். ஆள் உயரம், கை நீளம், பேச்சு மட்டும் குட்டை. உத்தமபாளையத்தில் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு வாய் ஓயாது. அவருக்கு வாய் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். லீவு நாளில் அக்காள் வீட்டுக்குப் போனால் நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் கொல்லை முருங்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "மச்சான், நான் சொல்றது காதுல விழுதா?" என்றால் "விழுது" என்பார். அதோடு சரி.

அவர் இறந்து சில வருஷம் ஆகிறது. பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஊரில் ஆள் இருக்கிறது. மச்சானைப் பற்றி எழுத என்னை விட்டால் நாதியில்லை.

அறுபதுகளில் அவருக்கு மலைமேல் வேலை. மரம் வெட்டுவதற்கென்று காண்ட்ராக்டர் எடுக்கும் காட்டுத் துண்டுக்குக் கூப்பு என்று பெயர். கூப்பில் எந்த மரம் வெட்டுக்கு, எது இல்லை என்று குறி போடுகிறவர் மச்சான். கைக்கோடாலியால் பட்டையை உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கி, அந்த வெள்ளையில் தாரைத் தொட்டு நம்பர் எழுதுவார். நெஞ்சு மட்டத்தில் ஒன்று, மரத்தின் அடியில் ஒன்று. அடியில் இருப்பது, மரத்தைச் சாய்த்த பிறகும் நிலத்தில் நிற்கும் கட்டையில் தங்கும். குறி போட்ட மரத்தைத்தான் வெட்டினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு காண்ட்ராக்டரின் ஆள் சுத்தியலால் முத்திரை அடிப்பான்.

மச்சானுடைய நம்பரைப் பார்த்தாலே தெரியும். நாலு என்பது கவிழ்த்துப் போட்ட நாற்காலி. ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோடு எங்கே பிடித்த பழக்கமோ, கேட்டால் "ஒண்ணுன்னு நெனச்சுருவாய்ங்கள்ல" என்பார். ஒரு மரத்தைக்கூட அவர் தப்பாகக் குறித்ததில்லை. அருளப்பன் நம்பர் இருந்தால் முத்திரையைத் தேடவேண்டாம் என்பது வெட்டு ஆட்களிடையே பேச்சாகவே இருந்தது. நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரே பிள்ளை, சவரிமுத்து. பள்ளி இறுதிப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டான். மறுபடி எழுதட்டும் என்றேன் நான். படிக்கட்டும் என்றுதான் அக்காளும் மன்றாடினாள். "எங்கூட வரட்டும்" என்றார் மச்சான். கூப்பு ஆட்களின் பெயரோடு அவன் பெயரையும் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அந்த மழைக்காலத்தில் மலைமேல் கொட்டகையில் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. மழையில் பாதை அறுந்து கிடந்தது, லாரி ஏறவில்லை. ஏறி வந்தபோது வெட்டி அடுக்கியிருந்த மரத்தடிகளுக்கு மேலேயே கயிற்றுக் கட்டிலைக் கட்டி அவனை இறக்கினார்கள். அடிவாரத்தில் கூடலூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. 1967இல் நடந்தது.

மச்சான் அழவில்லை. நாங்கு மரத்தில் ஒரு சிலுவை செய்தார். இரும்பு மாதிரி மரம் அது, கறையான் தொடாது. அதில் தாரால் பெயரும் வருஷமும் எழுதிக் கல்லறையில் நட்டார். அதே ஏழு, இடுப்பில் கோட்டோடு. அடுத்த வாரம் கூப்புக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் பேச்சு குட்டையானது. சவரி என்கிற பெயர் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அக்காள் கெஞ்சினாள், திட்டினாள், பிறகு திட்டுவதையும் விட்டாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வருமுன் ஊரே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி வெள்ளையடிக்கும். மச்சானும் தார் டப்பாவோடு போவார். மங்கிய எழுத்தின்மேல் திரும்ப எழுதுவார். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவனின் முகம்தான் அப்போது அவருக்கு இருக்கும்.

"அந்த மனுசன் ஒருவாட்டி அவன் பேரச் சொல்லி அழுதுட்டா எனக்குப் போதும் தம்பி" என்றாள் அக்காள் ஒருநாள். "எம்புள்ளைய அவுகளும்தான் பெத்தாகன்னு நெனச்சுக்குவேன். இப்ப நான் மட்டும் பெத்த மாதிரி இருக்கு."

எனக்கு மச்சான்மேல் அப்போது கோபம்தான். எந்தக் கூலிக்காக அப்படி ஓடி ஓடிப் போனார்? நேரில் கேட்கவும் செய்தேன். முருங்கையைப் பார்த்தார்.

கூப்பு வேலை குறைந்துபோன சமயம், 1973இல், ஆதித்தன் வந்து சேர்ந்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். மழைக்காட்டு மரம் வருஷத்துக்கு எவ்வளவு வளர்கிறது, எந்த மாதத்தில் வளர்கிறது, எவ்வளவு இலை உதிர்க்கிறது, உதிர்ந்தது எத்தனை நாளில் மண்ணாகிறது என்றெல்லாம் அவருக்குத் தெரிந்தாகவேண்டும். இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்களா என்று நான் கேட்டேன். கொடுக்கிறார்கள், கொஞ்சமாக, என்று சிரித்தார். கூடலூருக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட் முதலாளி தன் காட்டில் ஒரு துண்டை அவருக்கு ஆராய்ச்சி செய்ய விட்டுக்கொடுத்திருந்தார். காடு தெரிந்த ஆள் வேண்டுமென்று விசாரித்து மச்சானிடம் வந்தார்.

அன்று மச்சான் அக்காளிடம் சொன்னது: "மரத்த அளக்கணுமாம். வெட்டுறதுக்கு இல்லையாம்."

"பெறகு எதுக்காம்?"

"தெரியல."

மதுரையில் ஒரு லேத் பட்டறையில் செய்துவந்த மெல்லிய எஃகுப் பட்டைகளை மரங்களுக்கு அரைஞாண் மாதிரி கட்டினார்கள். பட்டையின் இரு முனையையும் ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். மரம் பருத்தால் ஸ்பிரிங் விரியும், பட்டையில் கீறியிருக்கும் கோடுகள் நகரும். லென்ஸை வைத்து அந்தக் கோடுகளைப் படித்துச் சொல்வதும், மரங்களுக்கடியில் விரித்த வலைகளில் விழுந்த இலையைக் கூட்டி அள்ளிக் காயவைப்பதும் மச்சானின் வேலை. வாரத்தில் ஆறு நாள் மலை, சனிக்கிழமை வீடு. ஒரு வருஷம் போல எந்த மாற்றமும் இல்லை. போனார், வந்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, சோற்றில் கை வைத்தபடி, "அந்த நாங்கு ஒரு நூல் பெருத்திருக்கு" என்றார்.

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் நூல் என்பார்கள். அக்காளுக்கு அதெல்லாம் தெரியாது. மனிதர் தானாக வாய் திறந்தார் என்பதே அவளுக்குப் போதும். குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த நாங்கு?" என்று கேட்டாள்.

"ஓடைக்கு இங்கன நிக்குதே, அது." அவள் ஏதோ தினமும் அந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி சொன்னார். "பகல்ல இளைக்குது. வெயில் தாழ்ந்தா தண்ணி குடிச்சுப் பெருக்குது. இம்புட்டு வருசம் பக்கத்துலயே நின்னுருக்கேன். எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் மரங்களைப் பற்றித்தான் பேச்சு. வெடிப்பலா பூத்துவிட்டது, சோலைமந்திகள் பூவைத் தின்றுபோட்டு வலையை நிரப்பிவிட்டன, குங்கிலியம் மூன்று மாதமாக ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அக்காளும் கொழுந்தனார் வீட்டுச் சேதி கேட்பது போலக் கேட்பாள். "அந்தக் குங்கிலியத்துக்கு என்னதான் வந்துச்சாம்?" நான் கேலி செய்தால் என்னை முறைப்பாள்.

"நீ சும்மாரு. மரத்தப் பத்திப் பேசுற வாயி அவனப் பத்தியும் ஒருநா பேசும். அவுக வந்துக்கிட்டே இருக்காக தம்பி. எனக்குத் தெரியுது."

நானும் நம்ப ஆரம்பித்தேன். மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தார்.

ஆராய்ச்சிக்கு வந்த தொல்லை அலுமினியத் தகடு. மரத்துக்கு மரம் நம்பர் பொறித்த தகடு அடித்திருந்தார் ஆதித்தன். விறகுக்கு வருகிறவர்களும் எஸ்டேட் ஆட்களும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கூடலூரில் ஒரு டீக்கடை பாய்லரின் ஓட்டையை ஆராய்ச்சி மரத்தின் தகடு அடைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். நம்பர் வெளியே தெரிகிற மாதிரிதான் வைத்திருந்தார்கள். அந்தத் தகட்டுக்குரிய மரத்துக்கு இருந்ததைவிட அந்தக் கடைக்கு அது உபயோகமாக இருந்திருக்கும்.

1976 செப்டம்பர் கடைசியில் கல்லூரி வேலையாக மதுரைக்குக் கிளம்பியபோது ஆதித்தன், "அருளப்பன், தகடு நிக்க மாட்டேங்குது. அழியாத மாதிரி நம்பர் போட்டு வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. மச்சான் கேட்கவில்லை. நம்பர் போடுவதைப் பற்றி மச்சானுக்கு யார் என்ன சொல்லவேண்டியிருக்கிறது?

மரப்பட்டையைச் செதுக்கினால்தான் தார் நிற்கும். செதுக்கினார். நெஞ்சு மட்டத்தில் ஒன்று எழுதினார். பிறகு குனிந்து அடியிலும் ஒன்று எழுதினார். நிற்கப்போகிற மரத்துக்கு அடிக்குறி எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. வருஷக்கணக்காகக் குனிந்த முதுகு, தானாகவே குனிந்துவிட்டது. ஆராய்ச்சித் துண்டு முழுவதையும் அப்படி முடித்துவிட்டு, எங்கள் வகையறாவில் ஒரு கல்யாண வேலைக்காக ஒரு வாரம் முன்னதாகவே இறங்கி வந்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவை அந்த எஸ்டேட் முதலாளி ஒரு காண்ட்ராக்டருக்கு வெட்டுக்கு விட்டிருந்தார். மழை குறைந்ததும் வெட்டு ஆட்கள் ஏறிவிட்டார்கள். இது மச்சானுக்குத் தெரியும். ஓடைதான் எல்லை என்பதும் தெரியும். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

கல்யாணப் பந்தியில் மச்சானுக்கு ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் வந்து உட்கார்ந்தவர் பால்பாண்டி. கூடலூர்க்காரர், வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி, கூப்புக் காலத்தில் மச்சானோடு கிடந்தவர். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணே, மறுபடி குறி போட வந்துட்டீகன்னு சொல்லவே இல்லையே. அந்தப் புதுப் பய போட்ட குறியெல்லாம் கோழி கிண்டுன மாதிரி இருக்கு. எங்க சரிவு முடிஞ்சதும் ஓடையத் தாண்டிப் பாக்குறேன், உங்க நம்பரு. அந்த ஏழப் பாத்ததுமே பயலுககிட்டச் சொல்லிட்டேன், ஏலே, இது அண்ணன் போட்டது, கண்ண மூடிக்கிட்டு வெட்டலாம்னு."

மச்சானின் கை இலையில் நின்றது.

"வெட்டிட்டியளா?"

"நேத்தோட முடிஞ்சிருச்சுண்ணே."

"எல்லாமா?"

"ஒண்ணு விடல. நீங்க போட்ட குறியில எத விடுறது?" ஏதோ வரிசையாக நல்ல சேதி சொல்லிக்கொண்டுபோகிற மாதிரி இருந்தது அவர் குரல். "முத்திர இல்லையேன்னு ஒருத்தன் இழுத்தான். உங்க நம்பருக்கு மேல முத்திர வேணுமான்னு கேட்டேன்."

எனக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். மச்சான் ரசத்தைக் கேட்டு வாங்கினார். பிசைந்து சாப்பிட்டார். மோருக்கும் இருந்தார். இலையை மடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "ஆதித்தன் சாருக்குத் தந்தி குடு" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆதித்தன் வந்தார். மூன்று பேரும் மலைக்குப் போனோம். நான் அந்தக் காட்டுக்குள் முன்னால் போனபோதெல்லாம் பகலிலும் மங்கலாக இருக்கும். இப்போது வானம் தெரிந்தது, கண் கூசியது. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வெடிப்பலாவின் முள்ளுக்காய்கள் நசுங்கிக் கிடந்தன. கட்டைகள் மட்டும் நின்றன, ஒவ்வொன்றிலும் அடியில் மச்சானின் நம்பர். எல்லாம் ஒழுங்காக, படிக்கும்படியாக இருந்தது.

ஆதித்தன் ஒரு தடியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, "ஏலக்காய் ஸ்டோர்ல பெரிய தராசு இருக்குமா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"நிக்குற மரத்துல இலை எவ்வளவு எடை, கிளை எவ்வளவு எடைன்னு யாராலயும் சொல்ல முடியாது. விழுந்தாத்தான் எடை போடலாம். நானா ஒரு மரத்தையும் விழவச்சிருக்க மாட்டேன். விழுந்துருச்சு. இலை முழுசாக் காயுறதுக்குள்ள போட்டுருவோம்." பிறகு மச்சானைப் பார்த்து, "அருளப்பன், டேப்பைப் பிடிங்க" என்றார்.

மச்சான் பிடித்தார். பால்பாண்டியின் ஆட்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளைகளை இழுத்துவந்து கொடுத்தார்கள். இலைகளைச் சாக்கில் அடைத்து எடை போட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். ஆதித்தனைத் தனியாக நிறுத்தி, "அவரத் திட்டவாவது செய்யுங்க சார்" என்றேன்.

"எப்படிப் போடணும்னு நான் சொல்லல. எந்த வாயை வச்சுத் திட்ட?" என்றார். அவர் முகமும் மச்சான் முகம் மாதிரியே ஆகியிருந்தது.

சாயங்காலம் மச்சான் தடிகளுக்கிடையே குனிந்து எஃகுப் பட்டைகளைப் பொறுக்கினார். பலவும் அறுந்து சுருண்டிருந்தன. ஓடைக்கரை நாங்கில் கட்டியிருந்த பட்டை மட்டும் முழுசாக இருந்தது. அதைக் கையில் எடுத்து, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். பழக்கம்தான். பிறகு லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

காண்ட்ராக்டர், எஸ்டேட் முதலாளிக்கு ஏதோ கொடுத்துச் சரிக்கட்டினார், தடிகள் இறங்கிப் போய்விட்டன. இரண்டு வருஷம் கழித்து ஆதித்தன் வேறொரு மலையில் திரும்பத் தொடங்கினார். மச்சானும் போனார். பட்டை கட்டினார், லென்ஸில் படித்தார், இலை அள்ளினார். நம்பர் மட்டும் வேறு ஆள் போட்டார். 1985இல் மாரடைப்பில் போய்ச்சேரும்வரை அந்த வேலைதான். அவர் வாழ்க்கை வரலாறு என்றால் இவ்வளவுதான், ஒரு பத்தியில் அடங்கிவிடும். ஆனால் அந்த 1976 நவம்பரைச் சொல்லாமல் முடித்தால் நான் எழுத உட்கார்ந்ததே வீண்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு சனிக்கிழமைப் பேச்சு நின்றுபோனது. அக்காள் பழைய பழக்கத்தில் "அந்தக் குங்கிலியம்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியதை நான் பார்த்தேன். மச்சான் முருங்கைக்குத் திரும்பிவிட்டார். "போச்சு தம்பி" என்றாள் அக்காள். "வாசல் வரைக்கும் வந்தாக. திரும்பிப் போயிட்டாக."

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். தனியாக அவரோடு போக அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். மச்சான் புல்லைச் செதுக்கினார். மண்ணை அணைத்தார். சிலுவையைக் கத்தியால் சுரண்டித் துடைத்தார். தார் டப்பாவைத் திறந்து பிரஷைத் தோய்த்து மரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது. தார் சொட்டி அவர் கால்மேல் விழுந்தது. அவர் பார்க்கவில்லை.

"எழுதுங்க" என்றாள் அக்காள்.

"வேணாம்."

"ஏன்?"

"நான் எழுதுனா வெட்டிருவாய்ங்க."

அக்காள் என்னைப் பார்த்தாள். "சிலுவைய எவன் வந்து வெட்டப்போறான்?" என்றாள் மெதுவாக.

மச்சான் பிரஷையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்புல சவரி பேர எழுதுனது நாந்தான்" என்றார். "எழுதாதீக, படிக்கட்டும்னு நீ சொன்ன. நான் எழுதுனேன். மரத்துலயும் நாந்தான் எழுதுனேன்."

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பெயர். அழுகிற குரலில் சொல்லவில்லை. மலையிலிருந்து வந்து, எது பருத்தது எது நின்றுவிட்டது என்று சொல்வாரே, அந்தக் குரல்தான். அக்காளும் அழவில்லை. இத்தனை வருஷம் எதற்குக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது, ஆனால் அவள் நினைத்த மாதிரி வரவில்லை. அவள் அவர் கையிலிருந்து பிரஷை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் எழுதுகிறேன் என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சிலுவையின் முன் மண்டியிட்டு, மங்கியிருந்த பழைய கோடுகளின்மேல் ஒவ்வொன்றாகப் பிரஷை இழுத்தாள். சவரிமுத்து என்ற பெயர் கோணலாக வந்தது. பிறகு வருஷம். ஒன்று, ஒன்பது, ஆறு. ஏழுக்கு வந்து, மேலிருந்து கீழே இழுத்துவிட்டு நிறுத்தினாள். இடுப்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது.

"இந்தக் குறுக்குக் கோடு வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றார் மச்சான்.

அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, கத்தியை எடுத்து அந்தக் கோட்டை மட்டும் சுரண்டிவிட்டாள்.